லாயக்காரன் எழுதாத கவிதை

காலை எட்டு மணி இருபது நிமிஷம். பிரெஞ்சு சர்க்காரின் ஊராட்சி அலுவலகமான எங்கள் கொம்யூன் ஆபீஸின் சுவர்க் கடிகாரத்துக்குத் திங்கட்கிழமைதோறும் சாவி கொடுப்பவன் நான்தான், அதனால் நேரத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஊரார் மேரி என்று சொல்லும் அந்த ஆபீஸில், பிறப்பு இறப்புப் பதிவேட்டின் முன்னால் உட்கார்ந்து பேனா முள்ளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெளியே குளம்புச் சத்தம் கேட்டது. ஜட்கா வந்தால் குளம்போடு சக்கரத்தின் கடகடப்பும் சேர்ந்து வரும். அன்றைக்குக் குளம்பு மட்டும் வந்தது. கூடவே ஏதோ ஒரு கட்டை தரையில் இழுபடும் சத்தம்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். புளியமரத்தடியில், தினமும் வண்டி நிற்கிற அதே இடத்தில், குதிரை தனியாக வந்து நின்றிருந்தது. வாயில் கடிவாளம். கழுத்தில் பட்டை. இடது பக்கம் முறிந்துபோன ஏர்க்கால் துண்டு ஒன்று வாரில் தொங்கி மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது. வண்டியைக் காணோம், வண்டிக்காரரையும் காணோம்.

மரத்தடியில் இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள்.

"இன்னாடா, கொம்மாந்தான் பென்ஷன் வாங்கிக்கினு வண்டிய வுட்டுட்டு வந்துட்டாரா?" என்றான் வெற்றிலைக் கடைக்காரன்.

"தோ பாருடா, ஏர்க்கால கையோட எடுத்துக்கினு வந்திருக்காரு. வெறவுக்கு ஆவும்னு."

கொம்மாந்தான், அதாவது தளபதி, என்பது அந்தக் குதிரைக்கு ஊர் வைத்த பெயர். டவுனில் ஒரு பட்டாளத்து அதிகாரியின் கீழ் இருந்த குதிரை அது. வயதாகி, கைமாறி, இங்கே ஜட்காவில் பூட்டப்பட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. விலா எலும்பை எண்ணிவிடலாம். ஆனால் எங்கேயாவது எக்காளமோ பேண்டு வாத்தியமோ கேட்டால் போதும், காதை நிமிர்த்திக் கழுத்தை வளைத்து, முன்கால்களை உயர உயர எடுத்துவைத்து அணிவகுப்பில் போவது போல நடக்கும். வண்டியில் இருப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

சிரிப்பு அடங்க அதிக நேரம் ஆகவில்லை. மரத்தடியில் இருந்து இரண்டு பேர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என் அறை வாசலில் வந்து நின்றார்கள். அவர்கள் சாட்சிக்காரர்கள். பிறப்போ இறப்போ, யார் வந்து எழுதவைத்தாலும் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். அவசரத்துக்கு ஆள் கிடைக்காதவர்களுக்காக இந்த இருவரும் நாள் முழுக்க அங்கேயே இருப்பார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை. குதிரையைப் பார்த்ததும் தாமாகவே எழுந்து வந்துவிட்டார்கள்.

"ஏடு தொறக்க வேண்டியிருக்கும் முசே," என்றார் மூத்தவர், மெதுவாக.

சைகோனில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்ததால் ஊர் எனக்குக் கொடுத்த பட்டம் முசே, பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். பாதி மரியாதை, பாதி கிண்டல். நான் வண்டிக்காரரை நினைத்தேன். அவருக்கு என்ன வயது, மனைவியின் பெயர் என்ன, எந்தத் தெரு என்று பதிவுக்குத் தேவையான விவரங்களை மனம் அடுக்க ஆரம்பித்துவிட்டது. இத்தனை வருஷப் பழக்கம். அந்த வண்டியில் யார் போயிருப்பார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. என் பெண் முதல் நாள் சாயங்காலமே குருவிநத்தத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சைகோனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும்.

அங்கே அதே பிரெஞ்சு சர்க்காரின் சுங்க ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். சீனர்கள் நிறைந்த சோலோன் பகுதியில் நான் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் அரிசி ஆலைக் கணக்கர் ஒரு சீனர் இருந்தார். என் வயதுக்காரர். அவருடைய தகப்பனார் சக்கரவர்த்தி காலத்துப் பெரிய பரிட்சைக்காக இருபது வருஷம் படித்தவராம். அவர் படித்து முடிப்பதற்குள் அந்தப் பரிட்சையையே ஒழித்துவிட்டார்கள். மகனுக்கு மிஞ்சியவை கவிதைகளும் ஒரு படமும்தான். நீளமான காகிதத்தில் மையால் வரைந்த மெலிந்த குதிரை அது. தலையைத் தொங்கவிட்டிருக்கும். ஆனால் கண் மட்டும் வெகு தூரத்தைப் பார்க்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேநீரை வைத்துக்கொண்டு உடைந்த பிரெஞ்சில் அவர் எனக்கு அர்த்தம் சொல்வார். அவர்கள் நாட்டுப் பழைய கவிகள், திறமை இருந்தும் அரசன் கண்ணில் படாமல் போனபோது, தங்களைக் குதிரையாக்கி எழுதினார்களாம். ஒரே நாளில் இருநூறு காதம் ஓடக்கூடிய குதிரை உப்பு வண்டியில் பூட்டப்பட்டு மேட்டில் திணறும். இன்னொன்று தகுதியான சவாரிக்காரன் வராமலே லாயத்தில் கிழமாகும். இன்னொன்றை யாரும் சரியாகத் தீனி போட்டு வளர்க்காததால், அதன் வேகம் அதற்கே தெரியாமல் போகும். நூற்றுக்கணக்கான வருஷங்கள் இதையே எழுதியிருக்கிறார்கள் என்றார். எனக்கு அலுக்கவே இல்லை. ஒருநாள் அவர் சிரித்துக்கொண்டே, "எல்லாரும் குதிரையாகவே எழுதியிருக்கிறார்கள். லாயக்காரன் எழுதிய கவிதை ஒன்றாவது கிடைக்குமா என்று தேடுகிறேன், இதுவரை அகப்படவில்லை," என்றார். நானும் சிரித்தேன். அதோடு மறந்துவிட்டேன்.

மேல் உத்தியோகத்துக்கான பரிட்சைக்கு நான் பெயர் கொடுத்திருந்தேன். பதினோரு நாள் இருக்கும்போது தகப்பனாரிடமிருந்து தந்தி வந்தது, உடனே புறப்படு என்று. சாகக் கிடக்கிறார் என்று நினைத்துக் கப்பல் ஏறினேன். வந்து பார்த்தால் கரும்புக் கொல்லையில் நின்றுகொண்டிருந்தார். "ஒனக்கு இன்னா ஆவுமோன்னு ராத்திரில தூக்கம் வர்ல," என்றார், அவ்வளவுதான். திரும்பிப் போக விடவில்லை. கல்யாணம், நிலம், மேரி உத்தியோகம் என்று காலம் போயிற்று. கணக்கர் பிரியும்போது கொடுத்த குதிரைப் படத்தை என் மேஜைக்கு எதிரே மாட்டினேன். வருகிறவர்கள் அதைப் பார்த்து, "இன்னா முசே, சீனாவுல குதிரைக்குக் கொள்ளு கெடைக்காதா?" என்பார்கள். உப்பு வண்டி இழுக்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வதில் ஒரு சுகம் இருந்தது. பல வருஷம் அந்தச் சுகத்தில் இருந்தேன்.

எனக்குப் பிறந்து தங்கியது ஒரே பெண். அவளுக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இரண்டு மரணத்தையும் இதே அறையில், இதே ஏட்டில், என் கையாலேயே எழுதினேன். செய்தி சொன்னவர் தகப்பன் என்ற இடத்திலும் நான், எழுதியவர் என்ற இடத்திலும் நான். அன்றிலிருந்து பெண்ணுக்குத் தும்மல் வந்தால்கூட எனக்கு ஏட்டின் அந்தப் பக்கம் கண்ணில் வந்து நிற்கும். ஏரிக்கரையில் நடக்கக் கூடாது, மாடு போகிற தெருவில் போகக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் ஒரு தடை வைத்தேன்.

ஆனாலும் பாடம் சொல்லிக்கொடுத்தேன். பிரெஞ்சு முழுவதும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். அந்தக் குதிரைக் கவிதைகளையும் சொன்னேன். ஜட்கா குதிரை பேண்டு சத்தத்துக்கு அணிவகுத்து நடந்தபோது அவளைக் கூப்பிட்டுக் காட்டி, "பார், இதுதான் அந்தக் குதிரை," என்றேன். அவள் சிரிக்கவில்லை. "பாவம்பா, அதுக்கு இன்னும் யாரும் போதும்னு சொல்லல," என்றாள்.

பதினாறு வயதில் பிரவே எழுதுகிறேன் என்றாள். பள்ளிக்கூடத்து ஆசிரியை வேலைக்குப் போக அந்தப் பரிட்சை வேண்டும். டவுனில்தான் நடக்கும். தேர்வானால் டவுனில்தான் தங்கிப் படிக்க வேண்டும். விண்ணப்பத்தோடு பிறப்புப் பதிவின் நகல் ஒன்று சேர்க்க வேண்டும். அதை எழுதித் தரவேண்டியவன் நான். கொம்யூனில் யார் கேட்டாலும் கால் மணி நேரத்தில் எழுதித் தருவேன். அவளுக்கு மட்டும் நாளைக்கு என்றேன். ஏடு கொம்யூன் தலைவரான மேரின் அலமாரியில் இருக்கிறது என்றேன், முத்திரை மை காய்ந்துவிட்டது என்றேன். கடைசியில் ஒருநாள் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். எனக்கு மூச்சு வந்தது.

இதெல்லாம் நடந்து சில மாதம் கழித்துத்தான் குதிரை தனியாக வந்து நின்றது.

எட்டரை மணி இருக்கும். என் மனைவி தெருக்கோடியிலிருந்து ஓடி வந்தாள். அவள் மேரிக்குள் கால் வைத்ததே இல்லை. படியேறி வந்து சாட்சிக்காரர்களை விலக்கிக்கொண்டு மேஜையைப் பிடித்தாள்.

"இன்னாங்க, அதுல நம்ம பொண்ணு போச்சு."

"எதுல?"

"ஜட்காவுல. இன்னிக்குத்தான் பரிச்ச. விடிய முன்ன நான்தான் ஏத்தி அனுப்பினேன்."

"குருவிநத்தத்துல இருக்கான்னியே?"

"பொய் சொன்னேன். ராத்திரி பக்கத்து வூட்டுலதான் படுத்திருந்துச்சு."

"பரிட்சைக்கு நகல் வேணுமே. நான் எழுதவே இல்லையே."

"அது எழுதிக்கிச்சு. ஒங்க எழுத்து மாரியே எழுதுது, ஒங்களுக்குத் தெரியாதா? மேர்கிட்ட கையெழுத்து வாங்கினது நீங்க. முத்திர குத்தினதும் நீங்கதான்."

வேலை மிகுந்த நாட்களில் நகல்களை நான் வீட்டுக்கு எடுத்துப்போவேன், அவள் பாதியை எழுதித் தருவாள். சனிக்கிழமை காலையில் மேர் வந்து கட்டோடு கையெழுத்துப் போடுவார். நான் பக்கம் புரட்டிப் புரட்டி முத்திரை குத்துவேன். வெளியே போன நகல்களின் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். என் எழுத்தில், நான் எழுதாத ஒரு வரி இருந்தது. என் பெண்ணின் பெயர், பிறந்த நாள், தகப்பன் பெயர். சாட்சிக்காரர்கள் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூத்தவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டதைப் பார்த்தேன்.

தபால்காரரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். சைகோனுக்குப் பிறகு சைக்கிள் தொட்டதில்லை. சாலையின் இரு பக்கமும் கரும்பு. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பயம் வைத்துக்கொண்டு மிதித்தேன். ஏர்க்கால் துண்டு இழுபட்ட தடம் புழுதியில் கோடாக எனக்கு எதிரே வந்துகொண்டே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தவளக்குப்பம் வரை போனேன்.

முச்சந்திக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி வாய்க்காலில் கவிழ்ந்து கிடந்தது. ஒரு சக்கரம் மேலே பார்த்திருந்தது. பக்கத்துப் புல்லில் நீல மை கொட்டியிருந்தது. அந்த மை எங்கள் வீட்டு மை.

டீக்கடைக்காரர்தான் எல்லாம் சொன்னார். மாதா கோயில் திருவிழாவுக்குப் போகிற பேண்டுக்காரர்கள் மாட்டு வண்டியில் எதிரே வந்தார்களாம். கடையைப் பார்த்ததும் உற்சாகத்தில் ஒருவன் எக்காளத்தை எடுத்து ஊதினானாம்.

"குதிர அப்பிடியே நின்னுச்சு பாருங்க, செல மாரி. அப்புறம் காலத் தூக்கித் தூக்கி வெச்சு நடந்துச்சு. நாங்க எல்லாம் கை தட்டினோம். அவன் இன்னும் பலமா ஊதிட்டான். அவ்ளோதான், பறந்துச்சு. வார் அறுந்து, வண்டி இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம். போன போக்கைப் பார்த்தா அதுக்கு வயசாச்சுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

"பொண்ணு?"

"வண்டிக்காரருக்குக் கால் முறிஞ்சுபோச்சு. கரும்பு வண்டில போட்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம். பொண்ணுக்கு நெத்தில அடி. ரத்தம். அதையும் வண்டில ஏறச் சொன்னோம். மாடு மெள்ளப் போவும், நேரமாயிடும்னு மாட்டேன்னிடுச்சு. கெணத்தடியில மூஞ்சியக் கழுவிக்கிச்சு. மணி இன்னான்னு கேட்டுச்சு. ஏழே காலுன்னேன். நடந்துச்சு."

"எந்தப் பக்கம்?"

"டவுன் பக்கந்தான்."

அங்கே நின்றிருந்த தயிர்க்காரி குறுக்கே பேசினாள். "நெத்தில ரத்தத்தோட ஒரு பொண்ண ஆத்துப் பாலத்துல பார்த்தேன் சாமி. கைப்புடிச் சொவுத்தப் புடிச்சுக்கினு குனிஞ்சு நின்னுச்சு. வாந்தி போல. நான் மோர் தரட்டாம்மான்னு கேட்டேன், பேசல. பொறவு திரும்பிப் பார்த்தேன், காணல."

அரியாங்குப்பத்து ஆற்றுப் பாலத்துக்குப் போனேன். கைப்பிடிச் சுவரில் விரல் அகலத்துக்கு ரத்தம் காய்ந்திருந்தது. கீழே ஆறு ஏற்றத்தில் இருந்தது, சேறு கலந்து, எதையும் காட்டாமல். மீன் பிடித்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் காலையிலிருந்து ஒன்றும் பார்க்கவில்லை என்றார். பிறகு, "எதப் பார்க்கணும்?" என்றார்.

பாலத்திலிருந்து டவுன் தெரியும். இன்னும் அரை மணி மிதித்தால் பரிட்சை நடக்கிற இடத்தின் வாசல். நான் போகவில்லை. இதைப் பலமுறை எனக்கே விளக்கிப் பார்த்திருக்கிறேன். வாசல் காவலாள் ஏட்டைப் பார்த்து அப்படி யாரும் உள்ளே வரவில்லை என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு பிடித்துக்கொள்ள எனக்கு ஒன்றும் இருக்காது. அது ஒரு பயம். அவள் உள்ளே இருந்து, தலையைத் தூக்கி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டால், இழுத்துப்போக வந்திருக்கிறேன் என்றுதான் நினைப்பாள். அப்படி நினைக்க அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அதற்கும் பயந்தேன். சைக்கிளைத் திருப்பினேன்.

ஊர் வந்து சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. குதிரை அதே இடத்தில் நின்றது. அதன் நிழல் மட்டும் இடம் மாறியிருந்தது. சாட்சிக்காரர்கள் மரத்தடியில் இருந்தார்கள். கஞ்சி குடிக்கக்கூடப் போகவில்லை போல. என் மனைவி மேரிப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"பார்த்தீங்களா?"

"இல்லை."

"பரிச்ச எடத்துக்குப் போனீங்களா?"

சைக்கிளைப் படியோரம் சாத்தினேன். அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள்.

"சைகோன்லேர்ந்து வந்து ஒங்கப்பாவ எத்தினி வருஷம் திட்டினீங்க. சோத்துல கை வெக்கும்போதெல்லாம் திட்டினீங்க. நான் கேட்டுக்கினுதான இருந்தேன்."

நான் உள்ளே போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே படம். அந்த மெலிந்த குதிரையை இத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன், அதன் வாயிலிருந்து ஒரு கயிறு படத்தின் ஓரம்வரை போவதை அன்றுதான் கவனித்தேன். மிக மெல்லிய கோடு. காகிதத்தின் விளிம்பில் முடிந்துவிடுகிறது. பிடித்திருக்கும் கை படத்தில் இல்லை. கணக்கர் தேடிய லாயக்காரன் ஞாபகத்துக்கு வந்தான். எழுந்து வெளியே வந்துவிட்டேன், அந்த அறையில் இருக்க முடியவில்லை.

மூன்று அடித்தது. நான்கு அடித்தது. வெற்றிலைக் கடைக்காரன் கடையை எடுத்துவைத்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் அங்கேயே குந்தியிருந்தான். காலையில் சிரித்ததற்கு அவனால் அப்படித்தான் ஈடு செய்ய முடிந்தது என்று நினைக்கிறேன். குதிரை ஒருமுறை காலை மாற்றி வைத்தது, ஏர்க்கால் துண்டு மண்ணில் அசைந்தது. அந்தச் சத்தத்துக்கு நாங்கள் எல்லோரும் திடுக்கிட்டோம். இன்றைக்கும் எங்கேயாவது கட்டை இழுபடும் சத்தம் கேட்டால் எனக்குக் கையெழுத்து கோணிப்போகிறது.

ஐந்து மணி ஆகப் பத்து நிமிஷம் இருக்கும்போது, சாலைத் திருப்பத்தில், டவுனிலிருந்து நாளுக்கு ஒரே தடவை வரும் பஸ் நிற்கும் சத்தம் கேட்டது. அது திரும்பக் கிளம்பிப் போன பிறகு, புழுதி அடங்குவதற்குள், ஒரு உருவம் நடந்து வந்தது. மெதுவாக வந்தது. நெற்றியைச் சுற்றி வெள்ளைத் துணிக் கட்டு. பாவாடையில் சேறு காய்ந்திருந்தது. வலது கை விரல்களில் மை. அந்த மை எங்கள் வீட்டு நீலம் இல்லை, கருப்பு. அதைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

என் மனைவி படியிலிருந்து எழுந்தவள் திரும்ப அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சாட்சிக்காரர்களில் மூத்தவர் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார். "நாங்க வூட்டுக்குப் போறோம் முசே," என்று சொல்லி இருவரும் நடந்தார்கள்.

என் பெண் அம்மாவிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மை கொட்டிப்போச்சும்மா. பக்கத்துல இருந்த பொண்ணு குடுத்துச்சு. எல்லாத்தையும் எழுதிட்டேன். ஆஸ்பத்திரிக்கும் போயிட்டு வந்தேன். வண்டிக்காரரு நல்லாருக்காரு, கால்ல கட்டு போட்டிருக்காங்க. குதிர வூடு வந்துச்சான்னு அதையேதான் கேட்டுக்கினு இருந்தாரு."

பிறகு என் பக்கம் திரும்பினாள். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என்னைத் தாண்டிப் புளியமரத்தடிக்குப் போனாள். குதிரையின் வாயோரம் நுரை காய்ந்து வெள்ளையாக இருந்ததைத் தொட்டுப் பார்த்தாள். கடிவாளத்தை மெள்ளக் கழற்றினாள். வாரிலிருந்து ஏர்க்கால் துண்டை அவிழ்த்துக் கீழே வைத்தாள். காலை எட்டு இருபதிலிருந்து அத்தனை பேர் அங்கே இருந்தோம்.

"பகல் முழுக்க யாரும் இதுக்குத் தண்ணி காட்டலியாப்பா?" என்றாள்.